அறுபது கடல் மைல் இடைவெளி

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற திணைக்களத்தில் இப்போது இருக்கும் இளம் அதிகாரிகள் இரண்டு பேர் சீகிரியாவுக்குச் சுற்றுலா வந்தார்கள். திரும்பும் வழியில் மாத்தளையில் இறங்கி, இரத்தோட்டை பஸ்ஸைப் பிடித்து, என் வீட்டையும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். தேநீர் குடிக்கும்போது ஹட்டன்காரப் பிள்ளை கேட்டாள்: "மெடம், அந்தக் காலத்துல நெசமாவே கலர் பென்சிலாலதான் கடலடியைக் கீறினீங்களா?"

ஆமாம் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்தக் கோட்டைக் கணினியே போட்டுவிடுகிறதாம். கோட்டில் எந்த இடம் நிச்சயம், எந்த இடம் ஊகம் என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். அதைக் காட்டவும் கணினியில் ஒரு நிறம் இருக்கிறது என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் நாளில் அதற்கு நிறம் இருக்கவில்லை. சேனாரத்ன சேர் இருந்தார்.

அவரைப் பற்றியும் அந்த வேலையைப் பற்றியும் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கம் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் பாதர் ஒருவரின் முயற்சியால் நான் மாத்தளை கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அங்கிருந்து பேராதனைக்குப் போய்ப் புவியியற்பியல் படித்தேன். தரைக்கு அடியில் தோண்டாமல் பார்க்கும் படிப்பு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். அரசாங்க உத்தியோகம் கிடைத்தபோது, தோட்டத்துத் தமிழர்களுக்கு மறுத்து வைத்திருந்த பிரஜாவுரிமைப் பத்திரம் அப்பாவுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

முதலில் என்னைப் போட்டது மண்சரிவுப் பிரிவில். அங்கேதான் சேனாரத்ன சேர் எனக்கு மேலதிகாரியானார். குருநாகல்காரர். ஒல்லியான மனிதர், கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்திருப்பார், அதைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது ஒரு முடிவைக் கொண்டுபோனால், அதை முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரே கேள்வி கேட்பார்: "இது பார்த்ததா, நினைச்சதா?" எங்கள் பேச்சு சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியோடு எனக்கு ஆரம்பத்தில் மனத்தாங்கல் இருந்தது. காரணம் இதுதான். ஒரு மழைக்காலத்தில், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலேயே ஒரு சரிவைப் பார்க்க அனுப்பினார்கள். இரும்புத் தட்டை மண்ணில் வைத்துச் சம்மட்டியால் அடிப்போம். வரிசையாக ஊன்றிய ஒலிவாங்கிகள் அந்த அதிர்வைக் கேட்கும். மண்ணுக்குள் அதிர்வு மெதுவாகப் போகும், பாறையில் வேகமாகப் போகும். அதை வைத்துப் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பூமிக்கு ஊசி போடுறாங்க," என்று ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

சரிவின் ஒரு பகுதியில் கணக்குச் சரியாக வரவில்லை. பாறை மேலேயே இருக்கிறது, ஆபத்தில்லை என்று எனக்குப் பட்டது. அப்படியே எழுதினேன். சேர் கேள்வியைக் கேட்டார். நினைத்ததுதான் என்று ஒத்துக்கொண்டேன். அவர் ஆபத்தில்லை என்று கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். மழை முடியும்வரை அந்த லயத்து ஆட்களைப் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதில் என் சித்தி குடும்பமும் ஒன்று. கோழிகள் திருட்டுப் போயின, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. "ஒன்ன படிக்க வச்சது எங்கள ரோட்டுல விடுறதுக்கா?" என்று சித்தி என்னிடம் கேட்டார். அந்தச் சரிவு இன்றுவரை சரியவில்லை. ஆகவே சேரின் எச்சரிக்கை எல்லாம் வேதவாக்கு என்று நம்பிய ஆள் நான் இல்லை. அந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்குப் பிறகு கடலடி வேலை வந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஒரு நாட்டின் கரையிலிருந்து இருநூறு கடல் மைல் வரை கடலுக்கு அடியில் உள்ள நிலம் அந்த நாட்டுக்குத்தான். அதற்கு யாரிடமும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் நாட்டின் நிலம் கடலுக்குள் அதற்கு அப்பாலும் தொடர்ந்து போகிறது என்று காட்ட முடிந்தால், அந்தத் தொடர்ச்சியையும் உரிமை கோரலாம். மேலே உள்ள தண்ணீரும் மீனும் கிடைக்காது. தரையும் தரைக்குக் கீழே உள்ளதும் கிடைக்கும். இதற்காக உலக நாடுகள் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் ராஜதந்திரிகள் இல்லை, எங்களைப் போல் பாறையும் மண்ணும் பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஒரு குறித்த தவணைக்குள் ஆதாரங்களோடு கோப்புக் கொடுக்க வேண்டும்.

வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கு ஒரு விசேஷ ஏற்பாடும் இருக்கிறது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் அங்கே கடலடியில் வெகுதூரத்துக்குப் படிந்து கிடக்கிறது. அந்தப் படிவு குறைந்தது ஒரு கிலோமீட்டர் தடிப்பாக இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு எல்லையை அமைக்கலாம். ஒரு கோடு அறுபது கடல் மைலைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் விதி. கேட்க லேசாக இருக்கும்.

என்னையும் இன்னும் சிலரையும் ஒரு வாடகை ஆய்வுக் கப்பலில் அனுப்பினார்கள். சிறுவயதில் கடலைப் பார்த்ததே இல்லாத நான், கரையே தெரியாத இடத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். கப்பல் காற்றழுத்தத் துப்பாக்கியால் தண்ணீருக்குள் சத்தம் போடும். சத்தம் கடலடிக்கு இறங்கி, படிவைத் துளைத்துக்கொண்டு போய், அடியில் உள்ள எரிமலைப் பாறையில் மோதித் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் இழுபடும் நீண்ட கேபிளில் உள்ள ஒலிவாங்கிகள் அதைக் கேட்டுப் பதியும். சம்மட்டி அடித்த அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. ஒருநாள் கப்பல் அகலமாக வட்டம் போட்டுத் திரும்பியது. திரும்பும்போது கேபிள் வளைந்துவிடும், அந்த நேரத்துப் பதிவு குப்பைக்குத்தான் போகும். ஆனால் துப்பாக்கிச் சத்தம் நிற்கவில்லை. கடல் குளம் மாதிரி அமைதியாக இருந்தது. ஏன் இன்னும் அடிக்கிறீர்கள் என்று பதிவுப் பொறுப்பாளரிடம் கேட்டேன். நிறுத்தச் சொல்லும்வரை அடிப்போம் என்றார். நான் மறுபடி வாளியைத் தேடிப் போய்விட்டேன்.

கொழும்புக்கு வந்தபின் சேர் வேலை முறையை வகுத்தார். ஒவ்வொரு பதிவையும் நீளமான தாளில் இரண்டு பிரதி அச்சிட்டார்கள். ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி ரிஸ்வானுக்கு. ரிஸ்வான் மாத்தளை டவுன்காரர், என்னைவிட வயதில் இளையவர், என்னை அக்கா என்பார். எங்கள் இருவருக்கும் தனித்தனி அறை. கடலடிக்கு நீலக் கோடு, அடிப்பாறைக்குச் சிவப்புக் கோடு. கீறி முடியும்வரை அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பகல் சாப்பாட்டின்போது கிரிக்கெட் பேசலாம், வீட்டுக் கதை பேசலாம், சிவப்புக் கோடு பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. முடிந்தபின் சேர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடி மேசையில் விரிப்பார். மேசைக்குக் கீழே விளக்கு எரியும். இரண்டு சிவப்புக் கோடும் ஒன்றாகத் தெரிந்தால் கருப்பட்டியை எடுத்துக் கடிப்பார். பிரிந்து தெரிந்தால் தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். யார் சரி என்று சொல்லமாட்டார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். மேசைக்குப் பக்கத்தில் நிற்பது பரீட்சை முடிவு பார்க்க நிற்பது போல இருக்கும்.

பெரும்பாலான இடங்களில் கோடுகள் ஒத்துப்போயின. ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. வெளி எல்லையின் தென்கிழக்கு மூலையில் இருந்த புள்ளி அது. எங்கள் கந்தோரில் அதை மூலைப் புள்ளி என்றே சொல்வோம்.

அந்த இடத்தில் தாளில் ஒரு பளிச்சென்ற வரி இருந்தது. ரிஸ்வான் அதுதான் அடிப்பாறை என்று சிவப்பு போட்டிருந்தார். அப்படியென்றால் படிவு ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு, புள்ளி செல்லாது. நான் அதற்குக் கீழே மங்கலாகத் தெரிந்த இன்னொரு வரியில் சிவப்பு போட்டிருந்தேன். மேலே பளிச்சென்று தெரிவது படிவுக்கு நடுவே புகுந்த எரிமலைக் குழம்பின் தகடு, அதற்குக் கீழும் படிவு தொடர்கிறது என்பது என் எண்ணம். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் தாராளமாக வரும், புள்ளி நிற்கும்.

புள்ளி போனால் ஒரு புள்ளியோடு முடியாது. அதன் இரண்டு பக்கத்துப் புள்ளிகளுக்கும் இடையே தூரம் அறுபதைத் தாண்டிவிடும். நேர்கோடு போட முடியாது. எல்லையை வெகுதூரம் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். இழக்கும் கடலடியில் மாத்தளை மாவட்டத்தைத் தூக்கி வைத்தாலும் நிறைய இடம் மிஞ்சும்.

இருவரும் மறுபடி கீறினோம். மறுபடியும் அதே வேறுபாடு. தவணையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அமைச்சிலிருந்து தினமும் தொலைபேசி. கடைசியில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய ஞாயிறு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து வந்து அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்.

"நாம இருக்குற லயமே கம்பெனிக்குச் சொந்தம். நீ கடலுக்கு அடியில இருக்குற மண்ணுக்குப் பத்திரம் எழுதுறியா?"

"நாட்டுக்குத்தானேப்பா."

"நாட்டுக்குத்தான். நான் வேணாங்கல."

பிறகு, கேட்காமலே, தன் பிரஜாவுரிமை விசாரணை பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் தன்னோடு விசாரணைக்கு வந்த மாரிமுத்து மாமா என்பவரைப் பற்றி அன்றுதான் சொன்னார்.

"எங்க பொறந்தீங்கன்னு அந்த ஆபீசர் எல்லாருகிட்டயும் கேட்டான். மாரிமுத்து மாமா இங்கதான் பொறந்தாரு, அவரு அப்பாவும் இங்கதான். தாத்தா பொறந்தது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாதுன்னா கொறஞ்சிருமோன்னு பயந்துகிட்டு, அவரும் இங்கதான்னு ஒரு தோட்டத்துப் பேரைச் சொல்லிட்டாரு. அந்த ஆளு தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு தோட்டமே அப்ப இல்லன்னுட்டான். அவ்வளவுதான். மத்தது எல்லாம் உண்மை. ஆனா எல்லாத்தையும் சேத்து ஓரமாத் தூக்கி வச்சிட்டான். பொம்பளப் புள்ளைங்க ரெண்டோட இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க அவர."

அப்பா எனக்குப் புத்தி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அதிகாரி மேல் அவருக்கு இருந்த கோபம் அத்தனை வருடமாகியும் ஆறவில்லை, அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்தபடியே அந்த ஆளைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். அம்மா, "ஞாயித்துக்கெழமை," என்று கண்டித்தார்.

அமைச்சுக் கூட்டத்தில் நீளமான மேசை. சட்ட அதிகாரிகள், வெளிநாட்டு விவகாரக்காரர்கள், நடுவில் ஒரு பெரிய அதிகாரி. அவர் நல்ல மனிதர்தான். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒருத்தர் மேலே கீறுறாங்க, ஒருத்தர் கீழே கீறுறாங்க. ரெண்டுக்கும் நியாயம் இருக்குன்னா, நாட்டுக்கு எது நல்லதோ அதை எடுப்போமே. குழு வேணாம்னு சொன்னா அப்ப பார்த்துக்கலாம்."

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின.

"கீழே கோடு போட்டது யாரு?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"மிஸ் ஸ்டெல்லா," என்றார் சேர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தனை வருட உத்தியோகத்தில், யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலமெல்லாம் கடந்து வந்த எனக்கு, ஓர் அறை முழுவதும் நான் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தது அன்றுதான். நாட்டுக்கு இடம் தேடிக் கொடுத்தவள் நான். மேலே கோடு போட்ட ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க உறுதியாச் சொல்லுங்க மிஸ். கீழே தெரியிறதுதானே அடிப்பாறை? நாங்க உங்க பக்கம் நிக்கிறோம்," என்றார் பெரிய அதிகாரி.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சேர் கையெழுத்து வைக்காவிட்டாலும் அமைச்சு வைக்கும். நான் சேரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வழக்கமான அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்டால் என்ன என்று தோன்றியது. அவர் கேட்கவில்லை. என் வாயில் வார்த்தை இருக்கும்போது, மாரிமுத்து மாமாவின் இரண்டு பெண் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

"உறுதியாச் சொல்ல முடியாது சேர்," என்றேன் பெரிய அதிகாரியிடம். "அது பாறையா இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா பார்த்தேன்னு சொல்ல முடியாது. இந்த ஒரு புள்ளியைக் குழு பிடிச்சிக்கிட்டா, நல்லா இருக்குற மத்தப் புள்ளிகளையும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க."

பெரிய அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப அந்த இடம் போகுதா?"

அப்போதுதான் சேர் மறுபடி வாயைத் திறந்தார். "மூலை போகுது. இடைவெளியை அடைக்க வேற புள்ளி தேடுறோம். கொஞ்சம் அவகாசம் தாங்க."

வெளியே வந்து படியிறங்கும்போது ரிஸ்வான் என் பக்கத்தில் வந்தார். "அக்கா, எனக்காகச் சொன்னீங்களா?"

"உங்களுக்காக ஏன் சொல்லணும்? நீங்க கீறினதும் நிச்சயமான்னு எனக்குத் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அந்தச் சிரிப்புத் தேவைப்பட்டது.

வேறு புள்ளி தேடுவது என்று சொல்வது எளிது. எங்களிடம் இருந்த பதிவுக் கோடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் ஓடின. ஒரு கோட்டில் தடிப்புச் சரியாக இருக்கும், ஆனால் ஒரு பக்கத்துத் தூரம் அறுபதைத் தாண்டும். தூரம் சரியாக இருந்தால் அங்கே பதிவே இல்லை. வரைபடத்தில் நானும் ரிஸ்வானும் கவராயத்தால் வட்டம் வட்டமாகப் போட்டோம். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று வெட்டும் சின்ன இடத்துக்குள் புள்ளி விழ வேண்டும். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கடல்.

"இதுக்குள்ள கப்பல் போகவே இல்லையே அக்கா," என்றார் ரிஸ்வான். "இங்கால வந்திருக்கு, அப்புறம் அங்கால. நடுவுல எப்படிப் போனாங்க?"

"திரும்பித்தான் போயிருப்பாங்க," என்றேன். சொல்லும்போதே எனக்கு வயிற்றைப் புரட்டிய அந்த நாள் ஞாபகம் வந்தது. குளம் மாதிரிக் கடல். நிற்காத துப்பாக்கிச் சத்தம்.

வட்டம் போட்டுத் திரும்பிய நேரத்துப் பதிவு நாடாக்கள் களஞ்சியத்தில் பயன்படாதவற்றோடு கிடந்தன. சேரிடம் சொன்னபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கேபிள் வளைந்திருக்கும்போது ஒவ்வோர் ஒலிவாங்கியும் எங்கே இருந்தது என்று தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், அதைச் செய்யாமல் ஒரு கோடும் கீற விடமாட்டேன் என்றார். கேபிளில் இருந்த திசைகாட்டிகளின் பதிவை வைத்து ரிஸ்வான் அந்தக் கணக்கைப் போட்டார். அவருக்கு அதில் கெட்டித்தனம் அதிகம். கணக்கு முடிந்து, தாள் இரண்டு பிரதி அச்சாகி வந்தது. மறுபடியும் தனித்தனி அறை. மறுபடியும் கிரிக்கெட் பேச்சு.

இந்தமுறை நான் கீறும்போது கை தயங்கவில்லை. அடிப்பாறை மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாகத் தெளிவாகத் தெரிந்தது. மேலே படிவு அடுக்கடுக்காக. கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சேர் முதலில் ரிஸ்வானின் தாளை விரித்தார். அதன்மேல் என்னுடையதை. ஓரங்களைச் சரிபார்த்துப் பாரம் வைத்தார். விளக்கைப் போட்டார்.

ஒரு சிவப்புக் கோடுதான் தெரிந்தது. முழு நீளத்துக்கும் ஒரே கோடு.

சேர் கருப்பட்டியை எடுத்தார். அதை மூன்றாக உடைத்து எங்களுக்கும் கொடுத்தார். அதுவரை அவர் யாருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ரிஸ்வான். நான் ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் அறுபதுக்குள் அடங்கியது. எல்லை உடையாமல் போனது. வெளி மூலை மட்டும் வெட்டுப்பட்டு உள்ளே வந்திருந்தது.

கோப்பு அனுப்ப முன்பு, இப்படிப்பட்ட கோப்புகளைப் பரிசீலித்து அனுபவமுள்ள ஒரு வெளிநாட்டு நிபுணரை அமைச்சு கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. வயதானவர், காதுக்கு ஒலிக்கருவி போட்டிருந்தார். மற்றத் தாள்களை எல்லாம் மளமளவென்று புரட்டியவர், தென்கிழக்கு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். இன்னும் வெளியே உங்களுக்குப் பதிவு இருக்கிறதே, அங்கே ஏன் புள்ளி வைக்கவில்லை என்று கேட்டார். சேர் என் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தத் தாளை விரித்து, பளிச்சென்ற வரியையும் மங்கலான வரியையும் காட்டினேன். எது அடிப்பாறை என்று எங்களால் காட்ட முடியவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்றேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பகுதியில் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்கள் அதைக் கவனித்தார்களோ தெரியாது. என் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது எனக்குத் தெரிந்தது.

தவணைக்கு முன்பே கோப்புப் போய்ச் சேர்ந்தது. நான் விடுமுறை போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். கண்டியில் பஸ் மாறியதுகூட அரைத் தூக்கத்தில்தான். அன்று வீட்டில் படுத்தவள் அடுத்த நாள் அம்மா வந்து தொட்டு எழுப்பும்வரை எழும்பவில்லை. காய்ச்சலோ என்று பயந்துவிட்டார்.

அதன்பின் சேர் ஓய்வுபெற்றுக் குருநாகலுக்குப் போனார். நானும் என் காலம் முடிந்து இங்கே வந்தேன். குழுவின் பரிசீலனை என்பது வருடக் கணக்கில் இழுபடும் வேலை. பக்கத்து நாடுகளின் கோரிக்கைகளும் குறுக்கே வரும். அதைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமும் இல்லை, அவசரமும் இல்லை.

ஆனால் இதை எழுதத் தொடங்கிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது அந்தப் பிரிவின் தலைவர் ரிஸ்வான்தான். நான் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"அக்கா, ஒக்காந்துகிட்டா இருக்கீங்க?"

"இல்ல, மொளகு காயப் போடுறேன். சொல்லுங்க."

"மூலைப் புள்ளிப் பக்கமா வேற ஒரு ஆய்வுக் கப்பல் போயிருக்கு. பெரிய கேபிள். அந்தப் பதிவு எங்களுக்கும் கிடைச்சிருக்கு. நான் ரெண்டு பேருகிட்டத் தனித்தனியாக் குடுத்துப் பாத்தேன். பளிச்சுன்னு தெரிஞ்சதுதான் பாறை அக்கா. கீழ நீங்க கண்டது பக்கத்துல இருக்குற கடலடிக் குன்றுல பட்டுச் சாய்வா வந்த எதிரொலி. அங்க படிவு ஒரு கிலோமீட்டர் இல்ல."

நான் மிளகுச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தேன். என் கோடு பிழை என்று சொன்னால் மனம் சுருங்கும் என்றுதான் அவர் பயந்திருப்பார். எனக்கு வந்தது சிரிப்பு. அதைக் கோப்பில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"சேருக்குச் சொல்லிட்டீங்களா?"

"நீங்க சொன்னாத்தான் சரி," என்றார் ரிஸ்வான்.

சேருக்கு இப்போது காது மந்தம். அவருடைய மனைவிதான் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"ஸ்டெல்லா," என்றார் கடைசியில். "அந்த மூலையை நான்தான் நாட்டுக்கு இல்லாமப் பண்ணிட்டேனோன்னு, ஓய்வு பெற்ற நாள்ல இருந்து ஒவ்வொரு நாளும் நினைச்சிருக்கேன். உங்ககிட்ட ஒருநாளும் சொல்லல."

அத்தனை வருடம் அந்த மனிதருக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்ததை நான் நினைத்தும் பார்த்ததில்லை.

அவர் தொடர்பைத் துண்டிக்க மறந்து, தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டார். வீட்டுக்குள் நடந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தூரத்திலிருந்து, காது மந்தமானவர்கள் பேசும் அந்த உரத்த குரலில், மனைவியிடம் சிங்களத்தில் சொல்வது கேட்டது: "அங்கே ஒண்ணும் இருக்கல. கேட்டியா? அங்கே ஒண்ணுமே இருக்கல."